கூட்டாளிகள் பங்காளிகளான கதை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பெர்லின் முற்றுகை பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியானது. 1948 ஜூன் 24 முதல் 1949 மே 12 வரை மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் மூன்றையும் சோவியத் படை அடைத்துவிட்டது. அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் விமானத்திலேயே உணவும் நிலக்கரியும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பதுதான் அந்தக் குறிப்பு. போரில் தோற்ற ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நால்வரும் ஆளுக்கொரு மண்டலமாகப் பிரித்துக்கொண்டார்கள்: கிழக்கு சோவியத்துக்கு, மேற்கு மற்ற மூவருக்கு. சோவியத் மண்டலத்துக்குள் இருந்த தலைநகர் பெர்லினையும் அப்படியே பங்கு போட்டதால் வந்த வினை இது. நான்கு வரிக் குறிப்புக்கு நாற்பது வரிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஹிட்லரை வீழ்த்தத் தோளோடு தோள் நின்றவர்கள் மூன்றே ஆண்டில் முட்டிக்கொண்டதற்குக் காரணம் கம்யூனிசம், முதலாளித்துவம் என்ற கொள்கைப் பகைதானே? – மதுரை வாசகர்

கொள்கைப் பகை 1941க்கு முன்பே இருந்தது. அதை மடியில் கட்டிக்கொண்டேதான் நான்கு வருஷம் சேர்ந்து போரிட்டார்கள். 1945க்குப் பிறகு புதிதாக முளைத்தது சொத்துத் தகராறு. தோற்ற நாட்டின் நிலக்கரி யாருக்கு, அங்கே பசியோடு இருப்பவனுக்குக் கோதுமை வாங்க யார் பணம் கொடுப்பது, நோட்டு அச்சடிக்கும் உரிமை யாரிடம்? பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிக்குள் வருகிற அதே கேள்விகள்.

1945 ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 2 வரை போட்ஸ்டாமில் நடந்த மாநாட்டில் எழுதிக்கொண்ட இரண்டு ஏற்பாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஜெர்மனி முழுவதையும் ஒரே பொருளாதாரமாக நடத்துவது என்பது ஒன்று. அவரவர் தமக்குரிய இழப்பீட்டை அவரவர் மண்டலத்திலிருந்தே எடுத்துக்கொள்வது என்பது மற்றொன்று. ஒரே அடுப்பு, ஆனால் அவரவர் பானை! சோவியத் யூனியனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பங்கு வைத்தார்கள். மேற்கு மண்டலங்களில் அமைதிக்காலத்துக்குத் தேவைப்படாத தொழிற்கருவிகளில் 15 சதவீதம் உணவு, நிலக்கரி, பொட்டாஷ், மரம் போன்றவற்றுக்கு மாற்றாகவும், மேலும் 10 சதவீதம் இலவசமாகவும் அதற்குப் போக வேண்டும்.

முதல் உடைப்பு இங்கேதான். தொழிற்சாலைகளைக் கழற்றிக் கிழக்கே அனுப்ப அனுப்ப, மேற்கு மண்டலம் ஏற்றுமதி செய்து சம்பாதிக்கும் சக்தி குறைந்தது. சம்பாத்தியம் இல்லாத மண்டலத்துக்கு வாஷிங்டனும் லண்டனும் தம் கைக்காசில் தானியம் வாங்கிப் போட்டன. பிரிட்டன் நிலைமை பரிதாபம். போர் நடந்தபோதுகூட ரொட்டிக்கு ரேஷன் வைக்காத நாடு, வென்ற பிறகு 1946 ஜூலையில் வைத்தது. தன் ஜெர்மன் மண்டலத்துக்குக் கோதுமை அனுப்ப வேண்டியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். 'ஏற்றுமதி வருமானம் முதலில் உணவு இறக்குமதிக்கு, மிஞ்சினால் இழப்பீட்டுக்கு' என்பது மேற்கின் வாதம். 'போரில் மக்களைக் கொத்துக் கொத்தாக இழந்தவன் நான். எனக்கு இழப்பீடுதான் முதலில்' என்பது மாஸ்கோவின் வாதம். 1946 மே 3 அன்று அமெரிக்க மண்டலத் துணை ஆளுநர் ஜெனரல் லூசியஸ் கிளே, தம் மண்டலத்திலிருந்து போகும் இழப்பீட்டுச் சரக்கை நிறுத்தினார். கம்யூனிசத்தைத் தடுப்போம் என்ற ட்ரூமன் கோட்பாடு, ஐரோப்பாவுக்குப் பண உதவி தரும் மார்ஷல் திட்டம் எல்லாம் 1947இல் வந்தவை. கணக்குத் தகராறு முந்தி, மேடைப் பேச்சு பிந்தி.

தடுத்தது ரஷ்யர் ஒருவர்தானா? பிரான்ஸும் முட்டுக்கட்டை போட்டதாகப் படித்தேன். – புதுச்சேரி வாசகர்

படித்தது சரி. முதல் முட்டுக்கட்டையே பிரான்ஸ் போட்டதுதான். நிதி, போக்குவரத்து, தகவல் தொடர்பு, வெளிநாட்டு வர்த்தகம், தொழில் ஆகிய ஐந்துக்கும் ஜெர்மனி முழுமைக்குமான மையத் துறைகள் அமைப்பது போட்ஸ்டாம் முடிவு. பிரான்ஸ் அந்த மாநாட்டுக்கு அழைக்கப்படவில்லை. ஆனால் ஜெர்மனியை ஆள நால்வரும் அமைத்த நேச நாட்டுக் கட்டுப்பாட்டுக் குழுவில் அதற்கு இடம் இருந்தது. குழுவின் விதியோ நால்வரும் ஒருமனதாகத் தலையசைத்தால்தான் முடிவு செல்லும் என்பது. 1945 இலையுதிர் காலத்தில் மையத் துறை பற்றிய பேச்சு வந்தபோதெல்லாம் பிரான்ஸ் 'கூடாது' என்றது. மேற்கே உள்ள ரூர், ரைன்லாந்து, சார் பகுதிகளை ஜெர்மனியிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்பது அதன் ஆசை. எழுபது வருஷத்துக்குள் மூன்று தடவை படையெடுப்பைப் பார்த்த நாடு, பயந்ததில் வியப்பில்லை. சார் பகுதியைத் தன் பொருளாதாரத்தோடு இணைத்தும் கொண்டது. 1957இல்தான் அது ஜெர்மனிக்குத் திரும்பியது.

ஆஸ்திரியாவையும் இதே நான்கு நாடுகள் பங்கு போட்டனவே. அது ஏன் இரண்டாக உடையவில்லை? – கோவை வாசகர்

இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி இது. வியன்னாவும் பெர்லினைப் போலவே சோவியத் மண்டலத்துக்கு நடுவில் இருந்தது. அதையும் நால்வர் பிரித்துக்கொண்டார்கள். உள்நகரை நால்வரும் சேர்ந்தே காவல் காத்தார்கள், ஒரே ஜீப்பில் நான்கு நாட்டுச் சிப்பாய்கள்.

வித்தியாசத்துக்குப் பல காரணம் உண்டு. ரூர் மாதிரி ஒரு நிலக்கரிச் சுரங்க மண்டலம் ஆஸ்திரியாவில் இல்லை. 1945 ஏப்ரலிலேயே கார்ல் ரென்னர் தலைமையில் நாடு முழுமைக்கும் ஓர் அரசு முளைத்து, அதே ஆண்டு அக்டோபரில் நால்வரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. ஆனால் எங்கள் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது 1946 ஜூன் 28 அன்று நால்வரும் போட்ட ஒப்பந்தத்தில் உள்ள ஒரு விதி. அரசியலமைப்புச் சட்டங்கள் நீங்கலாக, ஆஸ்திரிய நாடாளுமன்றம் இயற்றும் எந்தச் சட்டத்தையும் 31 நாளுக்குள் நால்வரும் சேர்ந்து எதிர்க்காவிட்டால் அது செல்லும்! ஜெர்மனியில் ஒரு காரியம் நடக்க நால்வர் சம்மதம் வேண்டும். ஆஸ்திரியாவில் ஒரு காரியத்தைத் தடுக்க நால்வர் சம்மதம் வேண்டும். இந்த ஒரு வரி போதும், ஆஸ்திரிய அரசு மூச்சு விடுவதற்கு. 1955 மே 15 அன்று ஆஸ்திரியாவுக்கு விடுதலை தரும் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்த ஆண்டிலேயே நான்கு படைகளும் வெளியேறின.

பெர்லின் ஏன் சோவியத் பகுதிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது? கோடு போட்டவர்களுக்கு வரைபடம் தெரியாதா? – திருச்சி, கல்லூரி மாணவி

வரைபடம் தெரியும், அம்மா. யார் முதலில் எங்கே போய்ச் சேருவார்கள் என்பதுதான் தெரியாது. மண்டலக் கோடுகளை லண்டனில் இருந்த ஐரோப்பிய ஆலோசனைக் குழு 1944 செப்டம்பர் 12 அன்று எழுதி வைத்தது. அப்போது மேற்கத்தியப் படைகள் ரைன் நதியைக்கூடத் தாண்டவில்லை. சோவியத் படை மொத்த ஜெர்மனியையும் பிடித்துவிடுமோ என்ற அச்சம் லண்டனில் இருந்தது. ஆகவே கிழக்கில் ஒரு பங்கை ஒதுக்கி, தலைநகரை மட்டும் பொதுச் சொத்தாக வைத்தார்கள். பெர்லினின் 20 வட்டங்களில் 8 சோவியத்துக்கு, 6 அமெரிக்காவுக்கு, 4 பிரிட்டனுக்கு. பிறகு பங்குக்கு வந்த பிரான்ஸுக்கு 2.

போர் முடிந்தபோது அமெரிக்கப் படை துரிங்கியா, சாக்ஸனி எல்லாம் பிடித்து, ஒதுக்கிய கோட்டைத் தாண்டி வெகு தூரம் கிழக்கே நின்றது. 1945 ஜூலை முதல் வாரம் அந்த நிலத்தைக் காலி செய்துவிட்டுத்தான் பெர்லினில் தன் பங்கில் நுழைந்தது.

பெரிய ஓட்டை வேறோர் இடத்தில் விழுந்தது. அமெரிக்க மண்டலம் தெற்கே, கடல் இல்லை. ஆகவே வடக்கே பிரெமன் துறைமுகத்தைத் தனக்கென்று கேட்டு வாங்கியது. பிரிட்டிஷ் மண்டலத்தின் ஊடாக அங்கே போய்வரும் உரிமையை நெருங்கிய நண்பனான பிரிட்டனிடமே எழுத்தில் வாங்கிக்கொண்டது. சோவியத் மண்டலத்தின் ஊடாக சுமார் 175 கிலோமீட்டர் கடந்து பெர்லினுக்குப் போகும் தரைவழிக்கோ எழுத்தில் ஒன்றும் இல்லை. 1945 ஜூன் 29 அன்று சோவியத் தளபதி மார்ஷல் ஷுக்கோவும் ஜெனரல் கிளேயும் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். வாய்வார்த்தை. பின்னாளில் கிளே அதைத் தம் தவறென்றே ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் விமானப் பாதையை மட்டும் ஏன் ரஷ்யர்கள் மறிக்கவில்லை? – ஈரோடு வாசகர்

அதற்கு எழுத்து இருந்தது. 1945 நவம்பர் 30 அன்று நால்வரும் ஒப்புக்கொண்ட மூன்று வான்பாதைகள்: ஹாம்பர்க்கிலிருந்து ஒன்று, ஹனோவர் பக்கம் பியூக்கபர்க்கிலிருந்து ஒன்று, ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒன்று. ஒவ்வொன்றும் 32 கிலோமீட்டர் அகலம். இவற்றைக் கண்காணிக்க பெர்லினில் நான்கு நாட்டு அதிகாரிகளும் ஒரே அறையில் உட்காரும் வான் பாதுகாப்பு மையம் இருந்தது. முற்றுகை நடந்த மாதங்களிலும் சோவியத் அதிகாரி அந்த அறைக்கு வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்!

சாலையில் 'பாலம் பழுது' என்று பலகை வைத்தால் லாரி நின்றுவிடும். விமானத்தை நிறுத்துவதற்குச் சுட வேண்டும். சுட்டால் போர். 1948 ஏப்ரல் 5 அன்று பெர்லினின் கட்டோ விமான நிலையத்தருகே ஒரு சோவியத் போர் விமானம் பிரிட்டிஷ் பயணிகள் விமானத்தில் மோதியது. பயணிகள் விமானத்தில் இருந்த 14 பேரும் சோவியத் விமானியும் மாண்டார்கள். அதன் பதற்றம் இரு தரப்புக்கும் நினைவிருந்தது. பிறகு விமானங்களை உரசிப் பறப்பது, இரவில் தேடுவிளக்கைக் கண்ணில் அடிப்பது போன்ற தொல்லைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். இருபது லட்சம் பேருக்குக் குளிர்கால நிலக்கரியை ஆகாயத்தில் கொண்டுபோக முடியாது என்ற கணக்கும் இருந்தது. ஸ்டாலின்கிராடில் சூழப்பட்ட தன் படையை விமானத்தில் ஊட்ட ஜெர்மனி பட்ட பாட்டை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்.

பணத்தாளை மாற்றியதற்கா இவ்வளவு பெரிய முற்றுகை? நம்பவே முடியவில்லை. – நாகர்கோவில், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

வங்கியில் இருந்தவர் நீங்கள், நம்புவீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

1944இல், படை நுழையும் முன்பே, ஜெர்மனியில் செலவு செய்வதற்காக 'ராணுவ மார்க்' என்று ஒரு நோட்டை அமெரிக்கா அச்சடித்தது. கூட்டாளி கேட்டாரே என்று அச்சுத் தகட்டின் நகல்களைச் சோவியத் தரப்புக்கும் கொடுத்தது. அங்கே அச்சான நோட்டில் வரிசை எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருக்கும், அடையாளம் அவ்வளவுதான். எத்தனை அச்சடித்தார்கள் என்பதற்குக் கணக்கு வரவில்லை. பல மாதச் சம்பளத்தை இந்த நோட்டில் மொத்தமாக வாங்கிய சோவியத் சிப்பாய், ஊருக்கு எடுத்துப் போக முடியாத பணம்தானே என்று அமெரிக்கச் சிப்பாயிடம் கைக்கடிகாரத்துக்கு நூற்றுக்கணக்கில் அள்ளிக் கொடுத்தான். அமெரிக்கச் சிப்பாய் அதை ராணுவத் தபாலகத்தில் டாலராக மாற்றி வீட்டுக்கு அனுப்பினான். சோவியத் அச்சகத்தின் நோட்டுக்கு அமெரிக்கக் கருவூலம் டாலர் கொடுத்தது.

சூடுபட்ட அமெரிக்கா, அடுத்து நான்கு மண்டலத்துக்கும் பொதுவாகப் புதுப் பணம் அச்சடிக்கும் பேச்சு வந்தபோது, சோவியத் மண்டலத்து லைப்சிக்கிலும் ஒரு தகட்டை வைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இணங்கவே இல்லை. மாதக்கணக்கில் பேச்சு அங்கேயே நின்றது.

இதற்கிடையில் பழைய ரைக்ஸ்மார்க் நாறிப்போயிருந்தது. பொருள் கொஞ்சம், நோட்டு மலையளவு. சிகரெட்தான் நடைமுறை நாணயம். மேற்கத்தியர் அமெரிக்காவில் ரகசியமாக நோட்டு அச்சடித்து, பெட்டி பெட்டியாகப் பிரெமர்ஹாஃபன் துறைமுகத்தில் இறக்கினார்கள். 1948 ஜூன் 20 ஞாயிறன்று மேற்கு மண்டலங்களில் தலைக்கு 40 புது மார்க் கொடுக்கப்பட்டது. பிறகு இன்னொரு 20. கூலி, வாடகை ஒன்றுக்கு ஒன்று. சேமிப்புதான் கரைந்தது: வங்கியில் 100 ரைக்ஸ்மார்க் வைத்திருந்தவருக்குக் கடைசியில் கையில் வந்தது 6.50 மார்க். சரக்கைப் பதுக்கியவன் பிழைத்தான், சிறுகச் சிறுகச் சேர்த்தவன் மொட்டை. மறுநாளே கடைகளில் பொருள்கள் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டன.

இப்போது சோவியத் மண்டலத்தின் நிலைமையை யோசியுங்கள். மேற்கில் செல்லாக்காசான ரைக்ஸ்மார்க் முழுவதும் இன்னும் செல்லும் இடமான கிழக்கே பாயும். அங்கே இருக்கிற கொஞ்சநஞ்சப் பொருளையும் வழித்துக்கொண்டு போகும். அதைத் தடுக்கத்தான் எல்லையை இறுக்குகிறோம் என்று அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அவர்களிடம் புது நோட்டு அச்சில் தயாராக இல்லை. பழைய நோட்டின் மேல் சிறு கூப்பனை ஒட்டிக் கொடுத்தார்கள். சுவரில் காகிதம் ஒட்டுவதுபோல இருந்ததால் பெர்லின் மக்கள் அதற்குச் சுவர்க்காகித மார்க் என்று பெயர் வைத்தார்கள்.

ஜூன் 23 அன்று சோவியத் தளபதி சோகொலோவ்ஸ்கி, இந்தப் பணம் பெர்லின் முழுவதற்கும் செல்லும் என்றார். மேற்கத்தியர் தம் பகுதிகளில் 'பி' முத்திரை குத்திய தம் மார்க்கை இறக்கினார்கள். எவன் பணம் ஓடுகிறதோ அவன்தான் வரவு செலவையும் கடனையும் கூலியையும் ஆளுகிறான். ஒரே நகரத்தில் இரண்டு பணம் என்றால் இரண்டு அரசு என்றே பொருள். மறுநாள் 24ஆம் தேதி, வழி அடைத்தது.

முற்றுகை ரஷ்யரின் வெறித்தனம் என்றே எல்லாரும் எழுதுகிறீர்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லுங்கள். – தூத்துக்குடி வாசகர்

சொல்லலாம். மேற்கத்திய மூவரும் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க்கும் 1948 பிப்ரவரியில் லண்டனில் கூடி, மேற்கு ஜெர்மனிக்குத் தனி அரசு அமைப்பதைப் பேசத் தொடங்கின. சோவியத்துக்கு அழைப்பில்லை. பொதுச் சொத்தைப் பற்றிய பேச்சு, ஒரு பங்காளியை விட்டுவிட்டு. மார்ச் 20 அன்று சோகொலோவ்ஸ்கி லண்டனில் என்ன பேசினீர்கள் என்று கட்டுப்பாட்டுக் குழுவில் கேட்டார், பதில் கிடைக்கவில்லை, எழுந்து போனார். அந்தக் குழு அதோடு செயலற்றுப்போனது. ரூரில் மறுபடி ஆலைகள் புகைந்து, பின்னால் ஒரு ராணுவமும் வந்தால் அடுத்த அடி தன்மேல்தான் என்ற பயம் மாஸ்கோவுக்கு இருந்ததைப் பழிக்க முடியாது. ஆகஸ்ட் 2 அன்று மேற்கத்தியத் தூதர்களைச் சந்தித்த ஸ்டாலின், லண்டன் முடிவைத் தள்ளிவைக்கும் கோரிக்கையையும் எழுப்பினார். அவர் குறி பெர்லின் அல்ல. பெர்லின் பிணை, குறி மேற்கு ஜெர்மன் அரசு.

ஆனால் நியாயம் அங்கேயே நின்றுவிடுகிறது. 1946 ஏப்ரலில் தம் மண்டலத்தில் சமூக ஜனநாயகக் கட்சியைக் கம்யூனிஸ்ட் கட்சியோடு வலுக்கட்டாயமாகச் சேர்த்தார்கள். அதே அக்டோபரில் பெர்லின் முழுவதும் நடந்த தேர்தலில் அந்தச் சேர்ந்த கட்சிக்கு விழுந்தது 19.8 சதவீதம், சேர மறுத்த சமூக ஜனநாயகவாதிகளுக்கு 48.7. வாக்கில் தோற்ற ஊரைப் பட்டினியால் வளைக்கப் பார்த்ததை எந்தப் பயமும் நியாயப்படுத்தாது. இழப்பீடும் உருப்படியாகப் போய்ச் சேரவில்லை: அவசரமாகக் கழற்றிய இயந்திரங்கள் பல, ரயில் பக்கத்தடங்களில் மழையில் துருப்பிடித்தன.

விமானத்தில் ஒரு நகரத்துக்கே சமைத்துப் போட முடியுமா? கணக்கோடு சொல்லுங்கள். – சேலம், மளிகை மொத்த வியாபாரி

உங்களுக்குப் பிடித்த பட்டியலே இருக்கிறது. இருபது லட்சம் பேருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று திட்டமிட்டவர்கள் போட்ட கணக்கு, டன்னில்: மாவும் கோதுமையும் 646, மற்றத் தானியம் 125, கொழுப்பு 64, இறைச்சியும் மீனும் 109, உலர்த்திய உருளைக்கிழங்கு 180, சர்க்கரை 180, காப்பி 11, பால்பொடி 19, குழந்தைகளுக்குப் பால் 5, ரொட்டிக்கு ஈஸ்ட் 3, உலர்த்திய காய்கறி 144, உப்பு 38, பாலாடைக்கட்டி 10. கூட்டினால் 1,534. மாவு தலைக்கு சுமார் 300 கிராம் வரும்.

ரொட்டியாகச் சுட்டுக் கொண்டுபோகவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 100 கிலோ மாவு ஏறக்குறைய 135 கிலோ ரொட்டியாகிவிடும், கூடுவது தண்ணீர். தண்ணீரை விமானத்தில் ஏற்றுவானேன்? உருளைக்கிழங்கும் அதே கதைதான்: பச்சைக் கிழங்கில் ஐந்தில் நாலு பங்கு நீர். உலர்ந்த கிழங்கின் ருசியை யாரும் மெச்சவில்லை.

உணவு சுலபமான பாதி. கஷ்டமான பாதி நிலக்கரி. மின்சாரத்தின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வந்தது, அது வெட்டுப்பட்டது. மேற்குப் பகுதியில் இருந்த மின் நிலையங்களுக்கு எரிபொருள் வேண்டும், வீட்டு அடுப்புக்கும் வேண்டும். உணவையும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 4,500 டன் என்று முதலில் வரையறுத்தார்கள், குளிர்காலத்துக்கு அது 5,620 ஆயிற்று. ஜூன் 26 அன்று பறந்த முதல் அமெரிக்க விமானங்கள் இறக்கியது 80 டன்! கையிருப்பு உணவு 36 நாளுக்கு, கரி 45 நாளுக்கு.

இந்த நிலையை மாற்றியது விமானத்தின் அளவும் நேர ஒழுங்கும். ஆரம்பத்தில் பறந்த சி-47 விமானம் மூன்றரை டன் சுமக்கும். நான்கு எஞ்சின் சி-54 பத்து டன். 4,500 டன்னுக்கு முன்னது 1,285 தடவைக்கு மேல் இறங்க வேண்டும், பின்னது 450 தடவை. மூன்று நிமிஷத்துக்கு ஒன்று என்று இறக்கினால் ஒரு ஓடுபாதையில் நாளைக்கு 480 இடம்தான் உண்டு. சின்ன விமானமும் பெரிய விமானம் பிடிக்கிற அதே மூன்று நிமிஷத்தைத்தான் பிடிக்கும். வேகமும் வேறு, வரிசை குலையும். அக்டோபருக்குள் அமெரிக்கர்கள் சி-47ஐ விலக்கிவிட்டார்கள்.

இந்தப் பணியை நடத்திய தளபதி இந்தியாவில் பழகியவர் என்கிறார்களே? – சென்னை வாசகர்

ஆம். ஜெனரல் வில்லியம் டன்னர். போர்க்காலத்தில் அஸ்ஸாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனத்துக் குன்மிங்குக்குச் சரக்குக் கொண்டுபோன விமானப் பணியைக் கடைசிக் கட்டத்தில் நடத்தியவர். 1948 ஜூலை இறுதியில் பெர்லின் பணியை ஏற்றார்.

அவருக்குப் பாடம் சொன்ன நாள் ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. தாழ்ந்த மேகம், கொட்டும் மழை. பெர்லினின் டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தில் ஒரு சி-54 ஓடுபாதையின் முடிவில் மோதி எரிந்தது. அடுத்தது அதில் மோதாமல் நிற்க அழுத்திய பிரேக்கில் டயர் வெடித்தது. மூன்றாவது, கட்டுமானத்தில் இருந்த பாதையில் தவறி இறங்கிச் சுழன்றது. கீழே இறங்க இடம் இல்லை, மேலே விமானங்கள் அடுக்கடுக்காக வட்டமிட்டன. அந்த அடுக்கில் டன்னரே ஒரு விமானத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்களையெல்லாம் திரும்பிப் போகச் சொன்னார்.

அன்றிலிருந்து விதி: ஒரே முயற்சி. இறங்க முடியாதவன் வட்டமடிக்கக் கூடாது, சரக்கோடு நடுப்பாதை வழியே திரும்பிவிட வேண்டும். வெயிலடித்தாலும் கருவிகளைப் பார்த்தே பறக்க வேண்டும். வடக்குப் பாதையும் தெற்குப் பாதையும் போக, நடுப்பாதை வர. பெர்லினில் இறங்கிய விமானி இருக்கையை விட்டுத் தூரம் போகக் கூடாது. வானிலைத் தகவலும் சிற்றுண்டியும் வண்டியில் விமானத்தடிக்கே வரும். ஜெர்மன் கூலிகள் பன்னிரண்டு பேர் பத்து டன்னைப் பத்து நிமிஷத்தில் இறக்கிய தருணங்களும் உண்டு.

கெட்டுப்போனவையும் நிறைய. நெடுந்தூரம் பறக்கச் செய்த விமானத்தைக் குறுந்தூரத்தில் முழுச் சுமையோடு ஓயாமல் இறக்கினால் டயர், பிரேக், எஞ்சின் மூன்றும் தேயும். கரித்தூள் சாக்கையும் மீறிக் கசிந்து கட்டுப்பாட்டுக் கம்பிகளை அரித்தது, மின் இணைப்புகளில் படிந்தது. 200 மணி நேரம் பறந்த விமானம் பெரும் பரிசோதனைக்கு இங்கிலாந்து போகும், 1,000 மணி ஆனால் அமெரிக்கா. ஆள் போதாமல், மூன்று வருஷத்துக்கு முன் எதிரிகளாக இருந்த ஜெர்மன் விமானப்படை மெக்கானிக்குகளையே வேலைக்குச் சேர்த்தார் டன்னர்.

உப்பை மட்டும் கடல் விமானத்தில் கொண்டுபோனது ஏன்? – இராமநாதபுரம் வாசகர்

உப்பளம் பார்த்தவருக்கு விடை பாதி தெரியும். மூட்டையிலிருந்து சிந்தும் உப்பு, சாதாரண விமானத்தில் தரைக்கடியில் ஓடும் கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் அலுமினிய உடலையும் அரித்துவிடும். பிரிட்டனின் சண்டர்லேண்ட் கடல் விமானம் கடல்நீரைத் தாங்கவே செய்யப்பட்டது. உடலுக்குத் துருத் தடுப்பு உண்டு, கம்பிகள் கூரையோரம் ஓடும். ஹாம்பர்க்கில் எல்ப் நதியில் கிளம்பி, பெர்லினில் ஹாவெல் ஏரியில் இறங்கின. டிசம்பரில் ஏரி உறைய ஆரம்பித்ததும் இது நின்றது. பிறகு வேறு விமானங்களின் வயிற்றுக்கு வெளியே தொட்டி கட்டி உப்பு போயிற்று.

மேற்கு பெர்லின் மக்கள் கிழக்குப் பகுதிக்கு நடந்துபோய் வாங்கி வந்திருக்கலாமே. சுவர்தான் அப்போது இல்லையே? – தஞ்சாவூர் வாசகர்

இல்லை, சுவர் 1961இல் வந்தது. நகர ரயில் ஓடிக்கொண்டிருந்தது, வாங்கியும் வந்தார்கள். ஆகவே முற்றுகை முழு அடைப்பு அல்ல. இந்த விஷயத்தைப் பல நூல்கள் விழுங்கிவிடுகின்றன. கிழக்கில் பெயரைப் பதிந்தால் ரேஷன் தருகிறோம் என்றும் சோவியத் தரப்பு அழைத்தது. பதிந்தவர்கள் மிகக் குறைவு. ரேஷன் அட்டை யாரிடமோ, கடிவாளம் அவரிடம் என்று மக்கள் புரிந்துவைத்திருந்தார்கள். செப்டம்பர் 9 அன்று எரிந்து கிடந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் லட்சக்கணக்கில் கூடியபோது சமூக ஜனநாயகத் தலைவர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர் உலக மக்களை விளித்து, இந்த நகரத்தைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

மக்கள் உழைப்பும் சேர்ந்தது. பிரெஞ்சுப் பகுதியில் டேகல் விமான நிலையத்தை மூன்று மாதத்தில் எழுப்பினார்கள், குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கல்லை உடைத்து ஓடுபாதைக்கு அடித்தளமிட்டு. வேலை செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். சாலை உருளை போன்ற பெரிய இயந்திரங்களைத் துண்டு துண்டாக வெட்டி விமானத்தில் ஏற்றி, அங்கே பற்றவைத்தார்கள். இறங்கும் வழியில் சோவியத் வசமிருந்த வானொலிக் கோபுரம் ஒன்று இடறியது. அகற்றச் சொல்லிக் கேட்டும் நடக்காததால் டிசம்பர் 16 அன்று பிரெஞ்சுத் தளபதி கனேவால் அதை வெடிவைத்துத் தகர்த்தார்.

முற்றுகையை எப்படி முடித்தார்கள்? தோற்றோம் என்று ஸ்டாலின் சொல்லியிருக்க மாட்டாரே. – விருதுநகர் வாசகர்

சொல்லவில்லை, ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டார். 1949 ஜனவரி இறுதியில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரின் கேள்விகளுக்கு எழுதிய பதிலில், முற்றுகை நீங்க நிபந்தனை கூறினார். பணத்தாள் பற்றி ஒரு சொல் இல்லை. வாஷிங்டன் அதைக் கவனித்தது. பிப்ரவரி 15 அன்று ஐ.நா.வில் அமெரிக்கப் பிரதிநிதி பிலிப் ஜெஸ்ஸப், சோவியத் பிரதிநிதி யாக்கோவ் மாலிக்கிடம் போகிற போக்கில் கேட்பதுபோல, விடுபட்டது தற்செயலா என்று கேட்டார். ஒரு மாதம் கழித்து மார்ச் 15 அன்று பதில் வந்தது: தற்செயல் அல்ல. பிறகு ரகசியப் பேச்சு, மே 12 நள்ளிரவு கழிந்ததும் தடை நீங்கியது.

இறங்கி வந்ததற்குக் காரணம் விமானம் மட்டும் இல்லை. மேற்கு மண்டலங்கள் பதிலுக்குக் கிழக்கு மண்டலத்துக்கான ரூர் நிலக்கரியையும் எஃகையும் நிறுத்தியிருந்தன. அந்த எதிர்முற்றுகை வலித்தது. ஏப்ரல் 16, 17 ஈஸ்டர் நாள்களில் 24 மணி நேரத்தில் சுமார் 1,400 நடைகளில் விமானங்கள் 12,941 டன் நிலக்கரியை இறக்கியதும் மாஸ்கோவுக்கு ஒரு செய்திதான். விமானங்கள் செப்டம்பர் 30 வரை ஓயவில்லை, மறுபடி அடைத்துவிட்டால் என்று கையிருப்பு சேர்த்தார்கள். அமெரிக்க டன் கணக்கில் மொத்தம் 23 லட்சத்துக்கு மேல். மூன்றில் இரண்டு பங்கு கரி. பணியில் இறந்தவர்கள் 101 பேர், அதில் பிரிட்டிஷார் 40, அமெரிக்கர் 31.

எதைத் தடுக்க முற்றுகை போட்டார்களோ அது முந்திக்கொண்டு நடந்தது. ஏப்ரல் 4 அன்று மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோ, மே 23 அன்று மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம். அக்டோபர் 7 அன்று கிழக்கும் தனி நாடாயிற்று.

பிரிந்த பிறகு இந்த நால்வரும் சேர்ந்து செய்த வேலை ஏதாவது மிச்சம் இருந்ததா? – கரூர் வாசகர்

இரண்டு இருந்தன. மேலே சொன்ன வான் பாதுகாப்பு மையம் 1990 வரை இயங்கியது. மற்றொன்று ஸ்பாண்டாவ் சிறை. நாஜித் தலைவர்களில் நூரம்பெர்கில் தண்டனை பெற்ற ஏழு பேரை 1947 ஜூலையில் அங்கே அடைத்தார்கள். காவல் மாதம் ஒரு நாடு: ஜனவரி பிரிட்டன், பிப்ரவரி பிரான்ஸ், மார்ச் சோவியத், ஏப்ரல் அமெரிக்கா, மறுபடி பிரிட்டன். முற்றுகையிலும், சுவர் எழுந்தபோதும் இந்த முறை தப்பவில்லை. 1966 அக்டோபருக்குப் பிறகு அந்தப் பெரிய சிறையில் இருந்த ஒரே கைதி ருடால்ஃப் ஹெஸ். அவரை விடுவிக்கலாம் என்று மேற்கத்தியர் கேட்டபோதெல்லாம் மாஸ்கோ மறுத்தது. இங்கும் நால்வர் ஒப்புதல் வேண்டுமல்லவா? அவர் 1987 ஆகஸ்ட் 17 அன்று, அமெரிக்காவின் முறை மாதத்தில் இறந்தார். சிறையை இடித்துவிட்டார்கள்.